இரண்டாகப் போன உபதேசியார்

தவசிமுத்து உபதேசியார் இரண்டு பேராக ஆகிப்போன சமாசாரம் தோத்திரபுரத்தில் முதன்முதலாகத் தெரியவந்தது அவர் பெண்டாட்டி கனகபாய்க்குத்தான், அதுவும் அவள் ஒரு தூக்குவாளிக் காப்பியோடு வாழைத் தோட்டத்து வரப்பில் நின்றபோது. பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். எட்டு நாளைக்கு ஒரு தடவை வாய்க்காலில் அவர்களுக்கு முறைத் தண்ணீர் வரும், அதுவும் இரண்டே மணி நேரம். அந்த நேரத்தில் வயலின் வாமடையைத் திறந்து தண்ணீரை உள்ளே திருப்பிக்கொள்ளாதவன் அடுத்த எட்டு நாளும் வாடின வாழையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உபதேசியார் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முழங்கால் சேற்றில் நின்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே ஊருக்குள்ளிருந்து கோயில் மணி அடித்தது. அது சாயங்கால ஜெபத்துக்கு அடிக்கிற மணி. அந்தச் சின்னச் சபையில் ஜெபம் நடத்தவும் மணி அடிக்கவும் உபதேசியாரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"யாரு மணி அடிக்கா?" என்றாள் கனகபாய்.

"நாந்தான்" என்றார் உபதேசியார், மம்பட்டியை நிறுத்தாமல்.

அவர் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு கோயில் வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். கோயிலுக்குள் எட்டுப் பொம்பளைகளும் நாலு ஆம்பளைகளும் முழங்கால் போட்டிருக்க, முன்னால் வெள்ளை வேட்டியும் வெள்ளை ஜிப்பாவுமாக, எண்ணெய் தடவிப் படிய வாரின தலையோடு, காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல், அவள் புருஷன் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். கனகபாய் கடைசிப் பாயில் முழங்கால் போட்டாள், மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னாள், எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். ஆமென் சொன்ன பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்பது அவளுக்கு முறையாகப் படவில்லை.

ஆனால் காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அது அவள் வாயிலிருந்து வந்ததுதான்.

தவசிமுத்து பிறந்தது ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குத்தகைக்காரர் வீட்டில். நெல்லும் வாழையும் போட்டுப் பிழைத்த குடும்பம். பதினெட்டாவது வயதில் ஒருநாள் வாழையடியில் பக்கக்கன்று எடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றியது, தோன்றின கையோடு அரிவாளைத் தண்டில் கொத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா மூன்று நாள் பேசவில்லை, நாலாவது நாள் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருஷப் படிப்பு, அப்புறம் பத்தொன்பது வருஷத்தில் ஐந்து ஊர். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அங்கே அரை ஏக்கராவது குத்தகைக்குப் பிடித்து வாழை வைத்துவிடுவார், அந்த வாழையை வைத்துக்கொண்டுதான் பிரசங்கமும் பண்ணுவார். அடுத்தவனை மன்னிப்பது என்றால் என்ன என்று கோயிலில் திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் கேட்டால், "பக்கத்து வயலுக்குப் போற தண்ணிய அடைச்சுப் பாரு, அது உன் வயல்ல நிக்காது, உன் வரப்பையே ஒடச்சுக்கிட்டுப் போவும்" என்பார். பூச்சி, உரம், சாணி, காற்றுக்குச் சாய்ந்த தார் எல்லாம் பிரசங்கத்தில் வரும். படித்த இரண்டொருவர் முகம் சுளிப்பார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் அதையே பேசிக்கொண்டு போவார்கள்.

வீட்டின் மேலும் அவருக்கு உயிர். பெண்பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுகிற தகப்பனை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை, இவர் பின்னுவார், அதுவும் கனகபாயைவிட நெருக்கமாக. ஆனால் தோத்திரபுரத்தோடு ஆலங்கிணறு, கீழப்பாறை என்று இன்னும் இரண்டு சபைகள் அவர் பொறுப்பில் இருந்தன, மூன்று ஊருக்கும் ஒரே சைக்கிள். மூத்தவள் லீதியாள் பிறந்தபோது அவர் ஒரு அடக்கத்தில் இருந்தார். மகன் பிறந்தபோது வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டி எப்சிபாள் பெரிய வெள்ளிக்கிழமை பிறந்தாள், அன்றைக்கு மும்மணி தியானத்தை விட்டு எந்த உபதேசியாரால் எழுந்து வர முடியும்? எப்சிக்கு ஏழு வயது முடிந்த அன்று, பாயசம் ஆறிக் கட்டியாகிற வரை அவருக்காகக் காத்திருந்துவிட்டு, அவர் வந்ததும் கனகபாய் சொன்னாள்: "சபைக்கு இருந்தா முழுசா சபைக்கு இருங்க. எங்களுக்கு இருந்தா முழுசா எங்களுக்கு இருங்க. இந்தப் பாதி ஆளு எனக்கு வேண்டாம்."

 அவர் அதை அப்படியே ஜெபத்தில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. ஆண்டவரும் ஒரு விவசாயி கேட்டதை ஏன் சுற்றி வளைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முழுசாக இங்கே ஒன்று, முழுசாக அங்கே ஒன்று என்று கொடுத்துவிட்டார். கேட்டவர் கேட்டபடி பெற்றுக்கொண்டார் என்று ஊரில் பின்னால் சொன்னார்கள்.

தோத்திரபுரத்துக்காரர்கள் ஒரு வாரம் கண்டும் காணாத மாதிரி இருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் கூடி, இதில் ஒழுங்கு என்று ஏதாவது வேண்டாமா என்று பேசினார்கள். வழியில் பார்த்தால் வணக்கமாக யாருக்குத் தோத்திரம் சொல்வது என்பதுதான் பெரிய சிக்கல். ஒருவருக்குச் சொல்லிவிட்டு இரண்டு தெரு தாண்டினால் இன்னொருவர் வருகிறார், அவருக்கும் சொன்னால் மிகையாகத் தெரிகிறது, சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. கடைசியில் ஜிப்பா போட்டவர் கோயில் உபதேசியார், அவருக்குக் கும்பிட்டுத் தோத்திரம் சொல்வது. சேறு பட்டவர் வீட்டு உபதேசியார், அவரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் போதும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போடும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பது அங்கே வழக்கம். அதில் ஒரு பங்கு உபதேசியாருக்குப் போகும். கோயில் உபதேசியார் சாப்பிடுவதே இல்லை என்று தெரிந்ததும் பிடி அரிசியை நிறுத்திவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள், மற்ற பொம்பளைகள் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள், அவள் அடங்கிவிட்டாள்.

கோயில் உபதேசியாரால் சபைக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. அவருக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, சளி தடுமன்கூட இல்லை. கோயிலையொட்டின சிற்றறையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், விடிந்தால் சந்திப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு புறப்படுவார். மூன்று ஊர், நூற்றுப்பதினாலு வீடு, ஒரு வீடு விடாமல், வரிசை மாறாமல் ஜெபம். பிரசங்கமோ கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் சாணியும் இல்லை, பூச்சியும் இல்லை, ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை. சபைக் கமிட்டித் தலைவர் பாக்கியநாதன் சார், ஓய்வு பெற்ற எட்மாஸ்டர், முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இப்பந்தான்வே நம்ம சபை ஒரு சபை மாதிரி இருக்கு" என்றார்.

வீட்டு உபதேசியாரால் வந்த தொந்தரவு வேறு மாதிரி. அவர் விடிய எழுந்து பால் கறந்தார், தண்ணீர் இறைத்தார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவிட்டார், மத்தியானம் கனகபாய் துவைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிழிந்து கொடுத்தார். தெருவில் இருந்த அத்தனை பொம்பளைகளும் தங்கள் புருஷன்மாரிடம் அவரைக் காட்டிக் குத்திப் பேசினார்கள். குத்தல் தாங்காமல் நாலு ஆம்பளைகள் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாய்க்காலில் இறங்கி, மம்பட்டியும் கையுமாக மணி அடிக்கிற வரை நின்று பார்த்தார்கள். மணி அடித்தது, அவர்கள் நாலு பேராகவே கரையேறினார்கள். காலில் அட்டை கடித்ததுதான் மிச்சம்.

மூன்று மாதம் கனகபாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இப்போதுதான் புருஷன் கிடைத்திருக்கிறார். வெந்தயக் குழம்பு வைத்தால் சூடு ஆறுமுன் சாப்பிட ஆள் இருந்தது. அவள் பாதியில் நிறுத்தின கதையை மறுநாள் தொடர்ந்து கேட்க ஆள் இருந்தது. ஆடி மாதம் பிறந்து ஒரு மத்தியானம், இலையில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். அவர் கண்ணை மூடினார், வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. சந்தைக்கு வந்தவன் என்ன வாங்க வந்தோம் என்பதை மறந்துவிட்டு நிற்பதுபோல் அவளைப் பார்த்தார். பிறகு லீதியாள் சாப்பாட்டு ஜெபம் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் அவள்தான் சொன்னாள்.

ஜெபம் மறந்தது பெரிதில்லை என்று கனகபாய் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு யேசுவடியாளின் கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்தது. அவள் புருஷன் ஆசீர்வாதமும் உபதேசியாரும் ஆறு வருஷமாக அடுத்தடுத்த வயல்காரர்கள், ஒருத்தர் முறைத் தண்ணீரை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து அந்தக் கடனை மறந்தும் போகிறவர்கள். தெருவே கயிறும் கையுமாக ஓடியபோது வீட்டு உபதேசியார் தொழுவத்தில் உட்கார்ந்து தங்கள் பசுவுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கன்னுக்குட்டி கத்துது, கேக்கலயா?"

"கேக்கு. நம்ம கன்னு இல்லயே, கனகம்" என்றார் அவர், கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், அன்பாகவே.

 இந்த மனிதருக்கு இந்த நாலு பேர்மேல் இருந்த பாசம் அப்படியே இருந்தது, கொஞ்சம் கூடியும் இருந்தது, ஆனால் அதற்கு வெளியே ஒரு உலகம் இருந்ததன் தடம்கூட அவரிடம் இல்லை. இந்த ஆளையா நான் கட்டிக்கொண்டேன் என்று அவள் யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியில்தான் எப்சி அழுதுகொண்டே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வழியில் கோயில் உபதேசியாரைப் பார்த்து, "அப்பா!" என்று ஓடி அவர் கையைப் பிடித்திருக்கிறாள். அவர் அவள் தலையில் கை வைத்து மெதுவாக, ரொம்ப இனிமையாகக் கேட்டாராம்: "நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா? எந்தச் சபை?"

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று கனகபாய் நினைத்த வாரத்தில்தான் மேலிடத்திலிருந்து மாற்றல் கடிதம் வந்தது. உபதேசியார் தவசிமுத்து நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி, கரிசல் காட்டில் வேம்படிக்குளம் என்ற ஊருக்குப் போக வேண்டும். வருகிற திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். கமிட்டி கூடியது. ஒரே ஒரு நிமிஷம்தான் எல்லோர் முகத்திலும் கவலை இருந்தது, பிறகு பாக்கியநாதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வழி சொன்னார்.

"கடுதாசியில ஒரு ஆளத்தான் கேட்டிருக்காங்க. ஒரு ஆள அனுப்பிருவோம். வீட்டு உபதேசியாரு குடும்பத்தோட போகட்டும். கோயில் உபதேசியாரு நமக்கு இருக்கட்டும். இதுல யாருக்குவே நஷ்டம்?"

எல்லோரும் ஆமென் என்றார்கள். வாசலில் நின்றிருந்த கனகபாய் உள்ளே எட்டிப் பார்த்து, "அங்க போயி இவிய எப்படி சார் ஜெபம் பண்ணுவாவ? சாப்பாட்டு ஜெபமே வர மாட்டேங்கே" என்றாள்.

"போகப் போகப் பழகிரும்மா. அது புது ஊரு, அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

கனகபாய் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். ஒரே ஊரில் நாலு தெரு தள்ளி இருக்கும்போதே சேராத இரண்டு பேர் நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் இந்த ஜென்மத்தில் சேரப் போவதில்லை. திங்கட்கிழமை லாரி வந்துவிட்டால், அவள் சாகிற வரைக்கும் பாதி ஆளோடுதான் வாழ வேண்டும். அதைத்தானே வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னாள்?

யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று பிடிபட்டது. கோயில் உபதேசியார் இத்தனை மாதமாக நூற்றுப்பதினாலு வீட்டுக்கும் போயிருக்கிறார், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. ஏன் வரவில்லை? சந்திப்புப் பட்டியலில் இந்த வீடு இல்லை. எந்த ஊரிலும் உபதேசியார் வீட்டை அந்தப் பட்டியலில் எழுதுவது கிடையாது. உபதேசியார் வீட்டுக்குப் போய் உபதேசியார் ஜெபிக்க வேண்டியதில்லை என்று யாரோ எப்போதோ நினைத்து விட்டுவிட்டது, வழிவழியாக அப்படியே கிடக்கிறது. புதன்கிழமை அவர் கீழப்பாறைக்குப் போயிருந்த நேரம் அவள் சிற்றறைக்குள் போய், பட்டியலின் கடைசியில் தன் கையாலேயே எழுதினாள்: நூற்றுப்பதினைந்து, கனகபாய், வடக்குத் தெரு, வீட்டில் சுகமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கோயில் உபதேசியார் தவறாமல் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுவரில் தொங்கின தன்னுடைய கல்யாணப் போட்டோவை அயல் வீட்டுப் போட்டோவைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தார். வீட்டு உபதேசியார் தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார், விருந்தாளியை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி காயைப் பார்த்தார். கனகபாய் சுவரோடு சாய்ந்து நின்றாள். 

"என்ன காரியத்துக்காக ஜெபிக்கணும், அம்மா?"

"என் வீட்டுக்காரருக்காக."

"அவருக்கு என்ன சுகவீனம்?"

"ஆளு பாதிதான் இருக்காவ, ஐயா. மீதியத் தந்துருங்க."

அவர் தலையசைத்தார், முழங்கால் போட்டார், ஜெபித்தார். அவ்வளவு அழகான ஜெபத்தை அவள் கேட்டதே இல்லை, அது ஒரு இடத்திலும் தட்டாமல், ஒரு இடத்திலும் நனையாமல் போனது. ஆமென் சொல்லி அவள் கண்ணைத் திறந்தபோது ஒருவர் பட்டியலில் நூற்றுப்பதினைந்துக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் கொத்தவரங்காய் நாரை ஓலைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். எதுவும் நடக்கவில்லை. அவர் போன பிறகு கனகபாய் வாய்விட்டு அழுதாள். வீட்டு உபதேசியார் வந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார், ஏன் அழுகிறாள் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை எப்சிக்குக் காய்ச்சல் கண்டது. கம்பவுண்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு நாள் பார்ப்போம், இறங்காவிட்டால் டவுனுக்குக் கொண்டுபோங்கள் என்றார். சனிக்கிழமை விடியக்காலம் வயலுக்குப் போய்விட்டு வந்த வீட்டு உபதேசியார், காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தவர், பிள்ளையின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. துணியை நனைத்து நெற்றியில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அலறல் கேட்டது. ஆசீர்வாதம் ஈரக் கையோடு பம்புசெட்டு சுவிட்சைத் தொட்டிருக்கிறார். கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

கனகபாய் ஓடினாள். யேசுவடியாள் அழவில்லை, புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் தலைமாட்டில் நின்று ஜெபிக்காமல் உடலைக் குளிப்பாட்ட எடுக்கக் கூடாது என்பது அங்கே முறை. கோயில் உபதேசியார் வந்தார், வேதத்தைத் திறந்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"இறந்தவருடைய பெயர் என்ன?"

 முதல் வரிசையில் நின்ற பாக்கியநாதன் சார் தலையைக் குனிந்துகொண்டார். யேசுவடியாள் கூரையிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"ஆறு வருஷம் இவிய வயலுக்குத் தண்ணி பாய்ச்சுன மனுஷன்" என்றாள். "பேரு என்னன்னு கேக்கேரு. நீரு வேண்டாம். என் புருஷனுக்கு அழுவத் தெரிஞ்ச ஆளு வந்து ஜெபம் பண்ணட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது."

கோயில் உபதேசியார் வேதத்தை மூடினார். அவரை யாரும் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முற்றத்துக்கு வந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். கனகபாய் அவரைத் தாண்டித் தன் வீட்டுக்கு ஓடினாள்.

"என்னங்க, ஆசீர்வாதம் அண்ணாச்சி போயிட்டாவ. எந்திரிங்க."

"பிள்ளைக்குக் கொதிக்கி" என்றார் வீட்டு உபதேசியார்.

"அங்க யேசுவடியா அழாம உக்காந்திருக்கா. பிராந்து பிடிச்சிரும் அவளுக்கு. நீங்க போனாத்தான் அழுவா."

"அது நம்ம வீடு இல்லயே, கனகம்."

கனகபாய் அவர் கையிலிருந்த ஈரத்துணியைப் பிடுங்கினாள். பத்தொன்பது வருஷமாக அவர் கிளம்பும்போதெல்லாம் வாசலில் பேசாமல் நின்றிருக்கிறாள், முறைத்திருக்கிறாள், கதவைப் படாரென்று சாத்தியிருக்கிறாள். ஒரு தடவையாவது போய்விட்டு வாருங்கள் என்று வாயால் சொன்னதில்லை. எப்சி முனகினாள். பிள்ளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இந்த நேரம் இவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை அவள் ஆயுசில் எதற்கும் இருந்ததில்லை.

"நான் சொல்லுதேன், போங்க" என்றாள்.  "பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். என்ன ஆனாலும் நான் பாத்துக்கிடுதேன். போங்க!"

அவர் எழுந்தார். வாசல் வரை நடந்தார். பிள்ளை மறுபடி முனக, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முனகல் பக்கத்து முற்றத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். கோயில் உபதேசியார் நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களிடம், "அது யாரு பிள்ள?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, அந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கினார், பிறகு ஓடினார். வீட்டு உபதேசியார் நிலையை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் எட்டடிச் சந்துதான். அங்கே நடந்ததைத் தெருவில் இருபது பேர் பார்த்தார்கள், இருபது பேரும் இன்றுவரை இருபது விதமாகச் சொல்கிறார்கள். முட்டிக்கொண்டார்கள் என்கிறார்கள் சிலர், ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள் என்கிறார்கள் சிலர். சந்திலிருந்து வெளியே வந்தது ஒரு ஆள். ஜிப்பா போட்டிருந்தார், முழங்கால் வரை சேறு இருந்தது. பாக்கியநாதன் சார் பெருமூச்சு விட்டு, "ஒண்ணாயிட்டாரு" என்றார், சந்தையில் பொருளைத் தவறவிட்டவர் மாதிரி.

கனகபாய் வாசலில் நின்று பார்த்தாள். அவர் யேசுவடியாள் வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், நின்றார், தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே போகவும் முடியாமல், இங்கே இருக்கவும் முடியாமல், இரண்டுக்கும் குறை வைக்கிறோமே என்று கூசிப்போன முகம் அது. அந்த முகத்தை அவள் பத்தொன்பது வருஷமாகச் சபித்திருக்கிறாள். இப்போது அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை ஆட்டி, போங்க என்று காட்டினாள். அவர் போனார்.

கொஞ்ச நேரத்தில், "எலே ஆசீர்வாதம்!" என்று அவர் குரல் பக்கத்து வீட்டில் வெடித்தது. ஜெபம் இல்லை, வேதம் இல்லை, கூட வேலை பார்த்தவனைப் பறிகொடுத்தவன் போடுகிற சத்தம். அதன் பின்னாலேயே யேசுவடியாளின் அழுகை புறப்பட்டது. தெருவிலிருந்த பொம்பளைகள் எல்லோரும் உள்ளே போனார்கள்.

வீட்டில் கனகபாயும் பிள்ளையும்தான். எப்சியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. சாயங்காலம் அடக்கம் முடிகிற வரைக்கும் அவர் வரப்போவதில்லை, அதுவரை காய்ச்சல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.  பிள்ளை கண்ணைத் திறந்து தலைமாட்டைத் தடவிப் பார்த்தது.

"அப்பா எங்கம்மா?"

"வந்துட்டாவ, பிள்ள" என்றாள் கனகபாய், துணியை நனைத்துக்கொண்டே. "இப்பந்தான் வந்தாவ."